என் மைலில் படுத்துப் போனவர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வித்தை தெரியும். விமானத்தில் முதல் வகுப்பு சீட்டைக் குறைந்த காசில் பிடிப்பது எப்படி என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். வலையபட்டியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்தார். மெட்ராஸிலிருந்து டிக்கெட் போடக் கூடாதாம். கொழும்பிலிருந்து போட்டால் அதே விமானம், அதே சீட்டு, ஆனால் விலை பாதியாம். எந்தக் கார்டில் மளிகை வாங்கினால் எத்தனை மைல் ஏறும், காலியாகக் கிடக்கும் முன்சீட்டைக் கடைசி நாளில் ஏலம் கேட்பது எப்படி என்று சாம்பாரில் தொடங்கிப் பாயசம் வரை போனது. கேட்டுக்கொண்டிருந்தவர் பாவம், விமானத்தில் ஏறினதே இல்லை என்று கைகழுவும் இடத்தில் அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அவர் சொல்வதில் பொய் கிடையாது. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். அந்த மைலையெல்லாம் யார் பறந்து சேர்த்தது என்பதுதான் அது. அவர் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விமானத்தில் போகப் போக, போன தூரத்துக்கு ஏற்றபடி கம்பெனிக்காரன் நம் பேரில் மைல் என்று ஒன்றை ஏற்றிவைப்பான். நிறையச் சேர்ந்ததும் அதைக் கொடுத்து அடுத்த டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் நான்கு பேர் பறந்தால் நான்கு பேருடையதையும் ஒரே கணக்கில் போடவும் வழி உண்டு. அதற்குக் குடும்பத் தலைவர் என்று ஒருத்தர் வேண்டும். எங்கள் வீட்டில் அது யார் என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சிட்னியில், இளையவள் டல்லாஸில். பிள்ளைப்பேறு பார்க்கவும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வைத்துக் கொடுக்கவும், ஒரு தடவை மூத்தவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோதுமாக, ஆறு தடவை போய் வந்திருக்கிறேன். ஆறு தடவையும் தனியாக, ஆறு தடவையும் பின்னாடிதான். மருமகன்மார் டிக்கெட் போடுவார்கள். விலை குறைவாக இருப்பதைப் பார்த்துப் போடுவார்கள், அதனால் பெரும்பாலும் நடுச்சீட்டு. ஒரு பக்கம் தூங்கி என் தோளில் சாய்கிற ஆள், இன்னொரு பக்கம் எழுப்பினால் முகத்தைச் சுளிக்கிற ஆள். பிரசவ லேகியத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுங்கத்தில் இதைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போவேன். இறங்கும்போது கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாது.

ஒவ்வொரு தடவையும் போய் இறங்கியதும் வீட்டுக்காரர் போன் செய்வார். முதல் கேள்வி, "போர்டிங் பாசைப் பத்திரமா வச்சிருக்கியா?" என்பதுதான். சாப்பிட்டாயா, கால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும், சில சமயம் வராது. திரும்பி வந்ததும் அந்தத் துண்டுச் சீட்டுகளை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைப்பார். நான் போய்வந்த ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மைல் ஏறாமல் விட்டுப்போனால் கம்பெனியோடு சண்டை போடுவதற்கு அது ஆதாரமாம். இதை அவரே ஒருநாள் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தபோது, காப்பி கொண்டுபோன நான் கேட்டேன். அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போன வருஷம் இளையவள் இரண்டாவதாக உண்டானாள். ஏழாம் மாதத்தில் அவளை எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூத்த பிள்ளைக்கு நாலு வயது, மருமகனுக்கு லீவு இல்லை. "ஆத்தா, நீங்க எப்ப வாரீக?" என்று தினமும் கேட்டாள். எனக்கோ அதற்கு நாலைந்து மாதம் முன்பே முதுகெலும்பில் கீழே ஒரு தட்டு விலகி, வலது காலுக்குப் போகும் நரம்பை அழுத்தத் தொடங்கியிருந்தது. மதுரையில் காட்டினோம். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவே கூடாது, படுக்கலாம், நிற்கலாம், உட்கார்ந்தால் கால் மரத்துவிடும் என்றார் டாக்டர். அமெரிக்காவுக்குப் போகணுமே என்றேன். படுத்துக்கொண்டு போகிற சீட்டாக இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் நான் சரி என்று சொல்ல மாட்டேன் என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "அதுக்கென்ன டாக்டர், மைல் கெடக்கு. இந்தத் தடவை முன்னாடிதான்" என்றார். அது டாக்டர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. மதுரையிலிருந்து காரைக்குடி வரும் வரை காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டே வந்தேன், மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இத்தனை வருஷம் சேர்த்துவைத்தது எனக்குத்தான் போல என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே நான் இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

ஊரில் எங்களுக்கு டிக்கெட் போட்டுத்தருகிறவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். இந்தத் தடவை அவரும் வருவதாக இருந்ததால், இரண்டு பேருடைய பாஸ்போர்ட் நகலையும் கொடுக்க நானும் கூடப் போனேன். உட்கார நாற்காலி போட்டார், நான் நின்றுகொண்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "அப்ப அண்ணனுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் கிளாஸ், ஆச்சிக்குப் பின்னாடி எகானமி. ஆச்சி டிக்கெட்டுக்கு மருமகன் பணம் போட்டுட்டாரு. சரிதானே அண்ணே?" என்றார்.

"சரிதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாருக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் டிக்கெட்காரரைப் பார்த்துச் சொன்னார். "மைலு ஒரு சீட்டுக்குத்தான் இருக்கு. ரெண்டு பேருக்குக் காணாது. ஏறினப்பறம் மாறிக்கலாம். பாதித் தூரம் நான் படுத்துக்கிறேன், பாதித் தூரம் அவ வந்து படுத்துக்கட்டும். ரயில்ல மேல்பெர்த், கீழ்பெர்த் மாத்திக்கிறோம்ல, அது மாதிரி."

விமான டிக்கெட்டில் கரைகண்டவர் சொன்ன யோசனை இது. டிக்கெட்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, நடுவுல திரை போட்டுருப்பான். பின்னாடி ஆளு முன்னாடி வரவே விடமாட்டான். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஆளுதான்" என்றார். உண்மையாகவே என் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. ஒரு சீட்டை வாங்கினால் அது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்ந்தது என்று அறுபத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். சரி, தெரியாமல் செய்துவிட்டார், இப்போது தெரிந்துவிட்டதே, பேரை மாற்றச் சொல்வார் என்று நின்றேன். அவர் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினார். அப்புறம், "சரி, போட்டது போட்டாச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அந்த மைலெல்லாம் யாரு போனது?"

"கணக்கு யாரு பேருல இருக்கு?" என்றார்.

"முதுகு யாருக்குப் போயிருக்கு?"

"எனக்குச் சர்க்கரை இருக்கு. உக்காந்தே போனா காலு மரத்துப்போகுது. நமக்குள்ள என்ன உன்னது என்னது? நீயும் நானும் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்னா, நான் முன்னாடி போயிப் படுத்தா நீங்க படுத்த மாதிரிதானே? நீங்க பின்னாடி வாங்க."

அவர் தினசரியை எடுத்து விரித்துக்கொண்டார். நாற்பது வருஷமாக எனக்குப் பழக்கமான பதில் அது.

சாயங்காலம் இளையவளிடம் போனில் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "ஆத்தா, அப்பச்சிக்கும் வயசாச்சுல்ல. அவுகளுக்கு ஒரு ஆசை. நீங்கதான் அடிக்கடி எழுந்து எழுந்து நடந்துக்கிருவீகள்ல" என்றாள். எங்களில் அப்பாவைத்தான் அப்பச்சி என்பது. நடமாட முடியாமல் படுத்திருக்கிற பிள்ளையிடம் என்ன சண்டை போடுவது. சரி சரி என்று போனை வைத்தேன். ஆனால் அவர் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் அவள் அழுதபோது கூட இருந்தது யார் என்று கேட்க நாக்கு வரை வந்தது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிச் சில மாதத்தில் புதுசாக வந்தவளையும் மகனையும் மாமியார் வேறு வைத்துவிடுவார். வீடு அதேதான், முற்றத்தைச் சுற்றின வளவும் அதேதான், ஆனால் அன்றிலிருந்து அவர்களுக்கு அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி, செலவும் தனி. சண்டை போட்டுப் பிரிகிறதில்லை அது, நல்ல நாள் பார்த்துச் செய்கிற காரியம். என்னையும் அப்படித்தான் வேறு வைத்தார்கள். பத்தொன்பது வயதில் முதல் தடவையாக என் அடுப்பில் நான் பால் காய்ச்சியபோது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெற்ற மகனையே வேறு வைப்பதில் தப்பில்லை என்று நினைத்த குடும்பம் இது.

மறுநாள் காலையில் இட்லியை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். "மைலுல என்னை வேறு வச்சுருங்க."

சிரித்தார். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு இட்லி முடிந்து அடுத்ததையும் பிட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன பைத்தியமா? வேறு வச்சா உனக்கு அதுல என்ன கெடைக்கப்போகுது?"

அதைத்தான் நான் டிக்கெட்காரரிடம் போய்க் கேட்டேன். தனியாகப் போனேன். அவர் கம்பெனிக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, விசாரித்துச் சொன்னார். குடும்பக் கணக்கிலிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே வரலாம். ஆனால் இதுவரை உள்ளே போட்டது போட்டதுதான், அது குடும்பத் தலைவருக்குத்தான் சொந்தம். இனிமேல் நான் பறந்தால் அது என் பேரில் ஏறும். "இப்ப உங்க கணக்குல சைபர்தான் ஆச்சி இருக்கும். பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். விசைப்பலகையில் எதையோ தட்டினார், என் போனுக்கு ஒரு எண் வந்தது, அதைச் சொன்னேன், முடிந்துவிட்டது. அப்படியே மருமகன் போட்ட எகானமி டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் செய்தார்.

நான் வரவில்லை என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன். "அப்ப அங்க யாரு சமைக்கிறது?"

"நீங்கதான் முன்னாடி போறீகல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒன்பது நாளும் நான் காத்திருந்தேன். "இந்தா, நீ போ, நான் பின்னாடி வாரேன்" என்று ஒரு வார்த்தை. கம்பெனிக்காரன் பேரை மாற்ற விடுவானோ மாட்டானோ, அது வேறு. சொன்னால் போதும் என்று இருந்தேன். சொல்லியிருந்தால் நடுச்சீட்டிலேயே போயிருப்பேன், எனக்கு அவ்வளவுதான் ரோஷம். அவர் சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தார். முதல் வகுப்பில் கூடுதல் பெட்டி கொண்டுபோகலாம் என்று சொல்லி, கோட்டையூரில் தெரிந்தவர்கள் கொடுத்த முறுக்கு டின்னையெல்லாம் வாங்கி அடுக்கினார். நான் லேகியம் கிளறிக் கொடுத்தேன். அவருக்காக இல்லை, அவளுக்காக.

அவர் போன அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் மேல் படமாக வந்தது. கதவு வைத்த சீட்டு, கொடுத்த பைஜாமா, வெள்ளைத் துணி விரித்த மேசை, கடைசியில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தபடி எடுத்த படம். கீழே கைதட்டுகிற பொம்மைகள். "கொடுத்து வச்சவுக" என்று என் நாத்தனார் ஒருத்தி எழுதியிருந்தாள். யார் கொடுத்தது, யார் வைத்தது என்று நான் எழுதி, அழித்துவிட்டேன். அந்தக் குழுவில் எல்லாருக்கும் நான் முதுகு வலியால் போகவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். அதிலும் பொய் கிடையாது பாருங்கள்.

அவர் போய்ப் பத்தாம் நாள் குழந்தை பிறந்தது. பெண் பிள்ளை. நாள் கொஞ்சம் முந்திதான், ஆனாலும் தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். போனில் பார்த்தேன். இதற்கு முன் பிறந்த பேரப்பிள்ளைகளையெல்லாம் முதலில் குளிப்பாட்டியதும் நான், தொப்புள் விழும்வரை பார்த்ததும் நான். இந்தக் குழந்தையைப் போன் கண்ணாடிக்குள் பார்த்தேன். அழுதேன். ஆனால் நான் செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

குழந்தை பிறந்து எட்டாம் நாள். இங்கே காலை ஆறரை, அங்கே ராத்திரி ஆகவில்லை. மகளே கூப்பிட்டாள். படத்தில் அவள் முகத்துக்குப் பின்னால் அடுப்பும் குழாயும் தெரிந்தன. கேமரா ஆடிக்கொண்டே இருந்தது. நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஏன் அடுப்படியில நிக்கிற? பிள்ள எங்க?"

"தூங்குது. ஒண்ணுமில்லத்தா."

"அப்பச்சி எங்க?"

"படுத்திருக்காக. நேரம் மாறினதுல அவுகளுக்கு இன்னும் ராத்தூக்கம் சரியா வரலையாம். இப்பத்தான் எழுந்திருச்சு காப்பி கேட்டாக, குடிச்சுட்டு மறுபடி படுத்துட்டாக."

"காப்பி யாரு போட்டா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான்தான். ஒரு காப்பிதானேத்தா" என்றாள்.

பிள்ளை பெற்று எட்டு நாள். பச்சைத் தண்ணீரில் கைவைக்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று நான் ஆறு தடவை கடல் தாண்டிப் போய்ச் சொல்லிக்கொடுத்த பெண்களில் ஒருத்தி, அப்பன் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் எனக்குச் செய்தது என்னோடு போகட்டும். இது என் பிள்ளைக்கு. போனை வைத்ததும் பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் போட்டேன்.

டிக்கெட்காரர் கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். முதல் வகுப்பு என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். மறுபடி கேட்கவில்லை. கொழும்பு வழி, ஏலம், கார்டு எதற்கும் நேரம் கிடையாது, வித்தை தெரிந்தவரும் டல்லாஸில் படுத்திருக்கிறார். எனக்கென்று பிறந்த வீட்டில் போட்டுவைத்த பணத்தில் பின்னாடி ஒரு சீட்டு எடுத்தேன். நடுச்சீட்டுதான் மிச்சம் இருந்தது. இந்த ஒரு பயணத்துக்கு டாக்டரிடம் போய் அனுமதி கேட்கவில்லை.

உட்கார்ந்தால்தானே கால் மரக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்ததும் எழுந்து, பின்னால் கழிப்பறைக்கும் சாப்பாட்டு வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் போய் நின்றேன். சாப்பாடு கொடுக்கும்போது உட்கார்ந்தேன், விமானம் குலுங்கி விளக்கு எரிந்தபோது உட்கார்ந்தேன், மற்ற நேரமெல்லாம் சுவரில் தோளைச் சாய்த்து நின்றபடியே போனேன். ஊர் மாறி ஏறின இரண்டாவது விமானம்தான் நீளம். அதில் பாதி தாண்டியபோது வலி இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் இறங்கிவிட்டது.

விமானப் பணிப்பெண் மூன்றாவது தடவையாக வந்து, உடம்பு சரியில்லையா, எதற்கு நிற்கிறீர்கள், போய் உட்காருங்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். என் இளைய மகள் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. தமிழில் சொன்னேன். "ஏ மக பிள்ள பெத்து பத்து நாளாகுது. இன்னமும் அவ நின்னுக்கிட்டுத்தான் இருக்கா."

அவளுக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தாள், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் இறங்கும்வரை என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.